பால் கணக்கு எழுதிய நோட்டு
ஓவியக் கண்காட்சியில் விற்றுப்போன படத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒன்று ஒட்டிவிடுவார்கள். எனக்கு அதை ஒட்டுகிற கையின் மீதுதான் எப்போதும் கண். வான்கோவுக்கு அந்தக் கை, தம்பி தியோவின் மனைவி யோஹன்னா. 1891 ஜனவரியில் அண்ணனைத் தொடர்ந்து தியோவும் போய்ச் சேர்ந்தபோது யோஹன்னாவுக்கு 28 வயது, இடுப்பில் ஒரு வயது நிரம்பாத பிள்ளை, வீடு நிறைய யாரும் கேட்காத ஓவியங்கள். புஸ்ஸும் என்ற ஊரில் தங்கும் விடுதி நடத்திப் பிழைத்துக்கொண்டே அவற்றை விற்றார். குடும்பச் செலவு எழுதிய நோட்டிலேயே ஓவியம் விற்ற வரவையும் எழுதினார் என்று படித்ததும், பால் கணக்கோடு சீட்டுப் பணத்தையும் குறித்துவைக்கும் அம்மாவின் நோட்டு எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் இது வெறும் சிக்கனம் இல்லை, நல்ல வியாபார மூளை. கண்காட்சிக்கு அனுப்பும்போது மிகச் சிறந்த சிலவற்றை ‘விற்பனைக்கல்ல’ என்று குறித்தே அனுப்புவாராம். கிடைக்காது என்றால்தானே ஆசை வரும்! 1905இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடெலிக் அருங்காட்சியக அறைகளை வாடகைக்கு எடுத்து, 480க்கும் மேற்பட்ட படைப்புகளை மாட்டினார். தரகர் என்று இவரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் தரகருக்குப் பொருள் கைமாறினால் நிம்மதி. இவரோ, முப்பது வருடத்துக்கும் மேலாகத் தினம் பார்த்த சூரியகாந்திப் படத்தை லண்டன் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டு, 1924இல்தான் மனசில்லாமல் கொடுத்தார். அன்று மாலை அந்தச் சுவரைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாரோ.