அறிக்கையை நீட்டினால் போதுமா?



கடந்த வாரம் என் அண்ணன் மகளுக்கு நேர்ந்ததைப் பொறுக்கமாட்டாமல் எழுதுகிறேன். எஸ்.எம்.ஏ. என்னும் தண்டுவடத் தசைநார்ச் சிதைவு நோய்க்கு முதல் குழந்தையைப் பறிகொடுத்தவள் அவள். இப்போது பத்து வாரக் கர்ப்பிணி. கணவன் மனைவி இருவருக்கும் எடுத்த மரபணுப் பரிசோதனை அறிக்கை முழுக்க ஆங்கிலம். என்ன போட்டிருக்கிறது என்று கேட்டவளிடம், வரிசையில் அத்தனை பேர் நிற்க, "ரெண்டு பேருமே கேரியர். சொந்தத்துல கட்டினா இப்படித்தான். மீதியை நெட்டுல பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் பரிசோதனை நிலைய ஊழியர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். வீடு வந்ததும் மாமியார், "உன் ரத்தத்துலதான் கோளாறு" என்றார். அந்த மாமியார் என் கூடப் பிறந்த அக்கா. யாரும் விளக்கிச் சொல்லாத வீட்டில் பழி பெண் தலையில்தான் விழும்.

மரபணு ஆலோசகர் ஒருவர் அரை மணி நேரம் உட்காரவைத்துப் பேசியிருந்தால் இந்தச் சொல் பிறந்திருக்காது. குறையுள்ள மரபணு இருவரிடமும் இருக்கிறது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. 11 வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்கலாம். அதன் பிறகு முடிவு தம்பதியுடையது. இதைத் தமிழில் சொல்வதும், மூன்று தலைமுறை உறவை வரைந்து வேறு யாருக்குச் சோதனை தேவை என்று காட்டுவதும்தான் ஆலோசகரின் வேலை.

டாக்டரே சொல்லலாமே என்பார்கள். கூட்டம் நெரியும் ஓ.பி.யில் எந்த டாக்டருக்கு அரை மணி நேரம் கிடைக்கும்? சொந்தத்தில் கட்டாதீர்கள் என்றால் போதாதா என்பார்கள். வயிற்றில் பிள்ளையோடு நிற்பவளிடம் அதைச் சொல்லி என்ன பயன்? தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 28 சதவீதத்தினர் சொந்தத்தில் மணந்தவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வே சொல்கிறது. அத்தனை பேரையும் வசைபாடி அனுப்புவதா? வேலூர் சி.எம்.சி.யில் மரபியல் பிரிவு உண்டுதான். சேலம் அம்மாபேட்டை நெசவாளி ஒவ்வொரு சந்தேகத்துக்கும் தறியை நிறுத்திவிட்டு வேலூருக்கு ஓட முடியுமா?

'மரபணு ஆலோசனை மையம்' என்பது 1994-ஆம் ஆண்டு கருவின் பாலினம் கண்டறியத் தடைவிதித்த சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் நடப்பதோ வேறு. 2021-இல் நாமக்கல் மாவட்டக் குழந்தை ஒன்றின் 16 கோடி ரூபாய் ஊசிக்கு ஊரே பணம் திரட்டியது. மத்திய அரசு அதன் இறக்குமதி வரியைத் தள்ளுபடி செய்தது. அந்தக் குழந்தைக்கும் இதே எஸ்.எம்.ஏ. நோய்தான். நோய் வந்த பின் வரியைத் தள்ளுபடி செய்கிற அரசுக்கு, முன்கூட்டியே பேச மாவட்டந்தோறும் ஓர் ஆலோசகரை நியமிக்க மட்டும் மனம் வரவில்லை.

ஒவ்வொரு மாவட்ட அரசு மருத்துவமனையிலும் பயிற்சி பெற்ற மரபணு ஆலோசகரை நியமியுங்கள். ஆலோசனை தராமல் மரபணு அறிக்கையைக் கையில் திணிக்கும் பரிசோதனை நிலையங்களுக்கு உரிமம் தராதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்மாபேட்டை, சேலம்.