அட்ரசின் பட்டினி போட்டுக் கொல்வதில்லை

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை. மானாவாரி மக்காச்சோளக் காட்டில் விதைத்த மூன்றாம் நாள் அட்ரசின் என்ற களைக்கொல்லியை அடிப்பது பழகிவிட்டது. கூடவே ஒரு விளக்கமும் புழங்குகிறது: “களை சாப்பாடு செய்ய முடியாமல் பட்டினியில் செத்துப்போகும். மக்காச்சோளம் மருந்தை இழுக்காது. ஒரு மழை பெய்தால் மண்ணும் சுத்தம்.” இதில் எதுவும் தேறாது.

பட்டினியை எடுத்துக்கொள்வோம். வெயில் படும்போது இலையின் பசுங்கணிகம் தண்ணீரைப் பிளந்து எலக்ட்ரானை எடுக்கிறது. ஆக்சிஜன் அதில் கழிவாக வெளியேறுகிறது. அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள பிளாஸ்டோகுயினோன் என்ற மூலக்கூறு, பசுங்கணிகத்திலுள்ள டி1 என்ற புரதத்தின் பள்ளத்தில் வந்து அமர வேண்டும். அட்ரசின் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எலக்ட்ரான் ஓட்டம் நின்றுபோகும், ஆனால் வெயில் நிற்காதே! போக்கிடமற்ற ஆற்றலைப் பச்சையம் பக்கத்து ஆக்சிஜன் மேல் இறக்கிவிட, வீரியம் ஏறிய அந்த ஆக்சிஜன் சவ்வுகளின் கொழுப்பைச் சிதைக்கிறது. இலை ஓரத்திலும் நரம்புகளுக்கு இடையிலும் வெளுத்து, பிறகு கருகுவது இதனால்தான். பட்டினிதான் காரணம் என்றால் இருட்டில் வைத்த செடி முதலில் சாக வேண்டும். பளீர் வெயிலில் நிற்பதுதான் முதலில் கருகுகிறது.

மக்காச்சோளம் மருந்தை இழுக்காது என்பது சுத்தப் பொய். வேர் வழியாகத் தாராளமாகவே இழுக்கிறது. அதன் பசுங்கணிகத்தைத் தனியே பிரித்து அட்ரசினில் கலந்தால், களையில் நிற்பது போலவே எலக்ட்ரான் ஓட்டம் நிற்கும். முழுச்செடி பிழைப்பது வேறு வழியில்: இலையிலுள்ள ஒரு நொதி, குளுட்டாதயோனை மருந்தோடு பிணைத்து அதைச் செயலற்றதாக்கிவிடுகிறது. சோளத்துக்கும் அந்தத் திறமை உண்டு. உளுந்துக்கு அந்த வேகம் கிடையாது. ‘பாதுகாப்பான மருந்து’ என்று கடையில் விற்பது உண்மையில் மக்காச்சோளத்தின் சாமர்த்தியத்தைத்தான்.

மழைக் கதை நம் மண்ணுக்கே பொருந்தாது. அமில மண்ணில் அட்ரசின் சீக்கிரம் சிதையும். நம் கரிசலோ காரத்தன்மை கொண்டது. வடகிழக்குப் பருவமழை முடிந்து நிலம் காய்ந்துவிட்டால், மருந்தைத் தின்னும் நுண்ணுயிர்களும் மந்தமாகிவிடும். மிச்சம் தங்கிய நிலத்தில் அடுத்து விதைக்கும் பயறு முளைத்து, பிறகு வெளுக்கும்.

வருஷாவருஷம் இதையே அடித்தால் போதும் என்பாரும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1960களின் கடைசியிலேயே அட்ரசின் சேர்ந்த டிரையசின் வகை மருந்துக்குச் சாகாத களை தலைகாட்டிவிட்டது. இப்படிப்பட்ட பல களைகளில் மாறியிருப்பது டி1 புரதத்தின் 264ஆம் இடத்திலிருக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம். பள்ளத்தின் வடிவம் மாறியதும் அட்ரசினுக்குப் பிடி கிடைப்பதில்லை.

மக்காச்சோளத்தில் பயறு ஊடுபயிரானால் அட்ரசின் வேண்டாம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அதற்குப் பதில் சொல்லப்படும் பெண்டிமெத்தலின் எலக்ட்ரான் பக்கமே போவதில்லை. முளைக்கும் களையின் வேர்நுனியில் செல் பிரிவதை நிறுத்துகிறது. அதனால் களை முளைத்த பிறகு அடித்துப் பயனில்லை.