எழுபத்தைந்துக்குக் கீழே ஆராய்ச்சி கிடையாதா?

புதுவைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 2023-24இல் புதிய கல்விக் கொள்கைப்படி சேர்ந்த முதல் பேட்ச், 2026 கோடையில் ஆறாவது செமஸ்டரை முடிக்கிறது. இனி அவர்களுக்கு மூன்று வழிகள். மூன்றாண்டுப் பட்டத்தோடு வீட்டுக்குப் போகலாம். நான்காம் ஆண்டும் படித்து ஹானர்ஸ் வாங்கலாம். அதற்கும் மேலே ‘ஆராய்ச்சியுடன் கூடிய ஹானர்ஸ்’ வாங்கலாம். முதல் இரண்டு வழிகளும் திறந்தே கிடக்கின்றன. மூன்றாவதற்கு மட்டும் ஒரு பூட்டு: ஆறு செமஸ்டரிலும் சேர்த்து 75 சதவீதம்.

பூட்டைச் செய்தது பல்கலைக்கழக மானியக் குழு. 2022 டிசம்பரில் அது வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படி 120 கிரெடிட்டுக்கு மூன்றாண்டுப் பட்டம், 160 கிரெடிட்டுக்கு ஹானர்ஸ். ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்தவர் 12 கிரெடிட்டுக்கு ஆய்வேடு எழுத வேண்டும். சேராதவர் அதே 12 கிரெடிட்டுக்கு மூன்று தாள்கள் படிக்க வேண்டும். ஆய்வேடு எழுதத் தகுந்தவர் யார் என்ற கேள்வியை அந்த ஆவணம் ஒரே வரியில் தீர்த்துவிடுகிறது: 75 சதவீதமும் அதற்கு மேலும் எடுத்து, ஆராய்ச்சி செய்ய விரும்புகிறவர். விருப்பம் உண்டா என்று யாரும் உட்கார வைத்துக் கேட்கப்போவதில்லை. மதிப்பெண்ணைக் கணினி கூட்டிச் சொல்லிவிடும். 74.8 என்றால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

இந்த விதியை அதன் உடன்பிறப்போடு சேர்த்துப் படிக்க வேண்டும். அதே மானியக் குழு, 2022 நவம்பரில் பிஎச்.டி. விதிமுறைகளை வெளியிட்டது. நான்காண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர் முதுநிலை படிக்காமலேயே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம் என்கிறது அது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வசதி வரம்புக்குட்பட்ட பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்தோர் ஆகியோருக்கு ஐந்து சதவீதம் வரை தளர்வு தரலாம் என்றும் சொல்கிறது. இளநிலையில் ஆய்வேடு எழுதியிருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. ஆய்வேட்டுக்கான வரியிலோ தளர்வு பற்றிய பேச்சே இல்லை. விளைவு என்ன? ஆறு செமஸ்டரில் 72 எடுத்த பட்டியல் சாதி மாணவி, அதே மதிப்பெண்ணோடு நான்காம் ஆண்டையும் முடித்துப் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம், 12 கிரெடிட் ஆய்வேடு எழுதக் கூடாது. பல ஆண்டு ஆராய்ச்சிக்குத் தகுதி உண்டாம், ஓராண்டு ஆராய்ச்சிக்கு இல்லையாம். இப்படி ஒரு விதியை எழுதியவர்கள் தங்கள் இரண்டு ஆவணங்களையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

புதுச்சேரியில் இருந்துகொண்டு மதிப்பெண்ணைப் பற்றிப் பேசும் எவரும் கடற்கரையோரத்து பிரெஞ்சு லிசேயைத் தாண்டிப் போக முடியாது. 1826இல் தொடங்கிய அந்தப் பள்ளியில் இன்றும் பிரெஞ்சுப் பாடத்திட்டம்தான். முடிவில் எழுதுவது பாக்கலோரியா. அங்கே எல்லாம் இருபதுக்குத்தான். பத்து எடுத்தால் தேர்ச்சி. 12 எடுத்தால் ‘ஓரளவு நன்று’ என்று சான்றிதழிலேயே அச்சிட்டுக் கொடுப்பார்கள். 14க்கு ‘நன்று’, 16க்கு ‘மிக நன்று’. சதவீதத்தில் பார்த்தால் 14 என்பது 70. பிரெஞ்சு அரசு ‘நன்று’ என்று முத்திரை குத்தி அனுப்பும் மாணவரை, நம் சதவீதக் கணக்கு ஆராய்ச்சி வாசலில் திருப்பி அனுப்பிவிடும்.

அதைவிட முக்கியமான ஏற்பாடு ஒன்று பாக்கலோரியாவில் உண்டு. பத்தைத் தொடாமல் எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் நின்றவரை அந்தத் தேர்வு அப்படியே கைவிடுவதில்லை. இரண்டு பாடங்களை அவரே தேர்ந்தெடுத்து வாய்மொழித் தேர்வுக்கு வர வேண்டும். தேர்வாளர் எதிரில் உட்காரவைத்துக் கேட்கிறார். மேம்பட்டால் தேர்ச்சி. பதினெட்டு வயதுப் பிள்ளையின் பள்ளித் தேர்வுக்கே இந்தப் பொறுமை. இருபத்தொரு வயதுப் பட்டதாரியின் ஆராய்ச்சி ஆசைக்கு நம்மிடம் அந்தப் பொறுமை இல்லை. தாளைத் திருத்திய கையே தீர்ப்பும் எழுதிவிடுகிறது.

பிரான்ஸின் அளவுகோல் வேறு, நம்முடையது வேறு, இரண்டையும் எப்படி ஒப்பிடலாம் என்று கேட்பார்கள். கேட்கட்டும். அளவுகோல் ஊருக்கு ஊர் மாறும் என்று ஒப்புக்கொண்ட பிறகு 75க்கு என்ன புனிதம் மிச்சம்? ஊருக்கு ஊர் மட்டுமா, ஒரே கல்லூரியில் துறைக்குத் துறை மாறுகிறது. கணக்கில் விடை சரியென்றால் முழு மதிப்பெண். நூற்றுக்கு நூறும் கிடைக்கும். இலக்கியத் தாளில் எவ்வளவு எழுதினாலும் பேராசிரியரின் பேனா ஓரிடத்தில் நின்றுவிடும். புதுவைப் பல்கலைக்கழகத்தின் குடையோ இன்னும் அகலமானது. காரைக்கால் தஞ்சைத் தரணியை ஒட்டிக் கிடக்கிறது, மாகே கேரளக் கரையில், ஏனாம் கோதாவரிக் கரையில். புதுச்சேரி, காரைக்கால் பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலும், மாகே பிள்ளைகள் கேரளப் பாடத்திட்டத்திலும், ஏனாம் பிள்ளைகள் ஆந்திரப் பாடத்திட்டத்திலும் படித்து வந்த யூனியன் பிரதேசம் இது. இத்தனை வகைப் பள்ளிப் பின்னணியோடு வந்தவர்களை, இத்தனை துறைகளில், இத்தனை கைகள் திருத்திய தாள்களைக் கொண்டு, தசமப் புள்ளி வரை நம்பித் தரம் பிரிக்கிறோம்.

சிறந்த மாணவரைத் தேர்ந்தெடுத்துக் கௌரவிப்பதில் அமெரிக்கர்களுக்கு இருநூற்றைம்பது ஆண்டுப் பழக்கம். வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் 1776 டிசம்பரில் தொடங்கிய ஃபை பீட்டா காப்பா அங்குள்ள கல்விக் கௌரவச் சங்கங்களில் மூத்தது. நம் ஊரில் இத்தகைய சங்கங்கள் வேர்விடவில்லை. ஆராய்ச்சி ஹானர்ஸ்தான் அவற்றுக்கு நெருங்கிய உறவு. ஃபை பீட்டா காப்பாவின் நடைமுறையில் நமக்குப் பாடம் இருக்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே சதவீதக் கோட்டை அது கிழிப்பதில்லை. ஒரு கல்லூரியில் பட்டம் பெறுபவர்களில் பொதுவாகப் பத்து சதவீதத்துக்கு மிகாமல் எடுத்துக்கொள்கிறது. மதிப்பெண்ணோடு நிற்காமல் பிறமொழி அறிவு உண்டா, கணிதம் படித்தாரா, பல துறைகளில் கால் பதித்தாரா என்றும் பார்க்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மாணவரைச் சோதிக்கும் முன் கல்லூரியைச் சோதிக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குத்தான் அதன் கிளை வைத்துக்கொள்ளும் தகுதி கிடைத்திருக்கிறது.

அமெரிக்காவிலிருந்து எல்லாவற்றையும் இறக்குமதி செய்யத் தேவையில்லை. பள்ளி மாணவர்களுக்காக 1921இல் தொடங்கிய நேஷனல் ஹானர் சொசைட்டி படிப்பு, சேவை, தலைமை, நற்பண்பு என்று நான்கு தகுதிகளைக் கேட்கிறது. ஐந்து ஆசிரியர்கள் கொண்ட குழு முடிவு செய்கிறது. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் நற்பண்பை அளக்க ஆசிரியரிடம் ஏது கோல்? மருத்துவ மாணவர்களுக்கான ஆல்ஃபா ஒமேகா ஆல்ஃபா சங்கத்தில் நடந்ததே போதுமான எச்சரிக்கை. அமெரிக்காவின் உள்ளுறை மருத்துவப் பயிற்சிக்கு விண்ணப்பித்த 4,655 மாணவர்களின் விவரங்களை ஆராய்ந்து 2017இல் ஒரு கட்டுரை வந்தது. தேர்வு மதிப்பெண், ஆராய்ச்சி, சேவை எல்லாவற்றையும் சமன்செய்து பார்த்தபிறகும், வெள்ளையினத்தவரோடு ஒப்பிட்டால் கறுப்பின மாணவர் அந்தச் சங்கத்தில் இடம்பெறும் வாய்ப்பு ஆறில் ஒரு பங்குதான். அடுத்த ஆண்டே நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரி அந்தச் சங்கத்துக்கு மாணவர்களை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. சாதி தெரிந்த ஊரில் ‘நற்பண்பு’க்கு மதிப்பெண் போடும் அதிகாரத்தை யாரிடமும் கொடுக்கக் கூடாது.

ஆகவே நமக்கு வேண்டியது நற்சான்றிதழ் கிடையாது. மாணவர் என்ன ஆராயப்போகிறார், அதை எப்படிச் செய்யப்போகிறார் என்ற கேள்வி வேண்டும். அந்தக் கேள்வியை எழுப்ப இந்தியாவிலேயே புதுச்சேரியைப் போல வசதியான சிறுநகரம் அபூர்வம்.

1955இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம் இங்கே இருக்கிறது. அங்கும் கிழக்காசிய ஆய்வுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியிலும் உள்ள சைவச் சுவடித் தொகுப்பை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. அரியாங்குப்பம் ஆற்றோரத்து அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். அவருக்குப் பின் கஸால் தோண்டினார். பல பத்தாண்டுகள் கழித்து விமலா பெக்லி வந்து தேதிகளைத் திருத்தினார். துபாஷ் ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு தமிழில் கிடக்கிறது. லிங்க ரெட்டிப்பாளையத்துக் கரும்பும், வீராம்பட்டினத்து மீன்பிடியும், ஊசுட்டேரியின் பறவைகளும் ஆய்வாளரை எதிர்பார்த்துக் கிடக்கின்றன. ஏட்டுச்சுவடியின் எழுத்தை வாசிக்கத் தெரிந்த தமிழ் மாணவர் ஒருவர் 71 சதவீதத்தோடு வந்தால் அவரை வெளியே நிறுத்துவது யாருக்கு லாபம்? மனப்பாடத்தில் 82 வாங்கியவருக்கு ஆய்வேட்டு மேசையும், சுவடி வாசிக்கத் தெரிந்தவருக்கு மூன்று கூடுதல் தாள்களும் கொடுப்பது ஆராய்ச்சியை வளர்க்கும் வழியா?

உண்மையில் தகுதி கேட்கப்பட வேண்டியவர் மாணவர் இல்லை. ஆராய்ச்சி ஹானர்ஸ் நடத்தும் துறையில் பிஎச்.டி. வழிகாட்டிகளாக அங்கீகாரம் பெற்ற நிரந்தர ஆசிரியர் இருவராவது இருக்க வேண்டும் என்பது மானியக் குழுவின் வழிகாட்டுதல். நூலகம், ஆய்விதழ்கள், கணினிக்கூடம், ஆய்வகம் எல்லாம் வேண்டும் என்கிறது. இலாசுப்பேட்டையில் தாகூர் அரசுக் கலை அறிவியல் கல்லூரியும், காஞ்சி மாமுனிவர் பட்ட மேற்படிப்பு மையமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அங்குள்ள சில துறைகளுக்கு இது பெரிய சுமையாக இருக்காது. காரைக்காலுக்கும் மாகேவுக்கும் ஏனாமுக்கும் போனால் கதை என்ன? ஒப்பந்த ஆசிரியர்களை வைத்து வகுப்பை ஒப்பேற்றும் துறையில் 90 எடுத்த மாணவி என்ன செய்வாள்? அவளுக்குத் தகுதி இருக்கிறது; அவள் துறைக்கு இல்லை. மாணவரின் தகுதியைத் தசமப் புள்ளியில் அளக்கும் நிர்வாகம், துறையின் தகுதியைப் பற்றி மட்டும் வாயைத் திறப்பதில்லை.

75ஐத் தளர்த்தினால் தரம் சரிந்துவிடும் என்று கவலைப்படுகிறவர்கள் ஒரு கூட்டம். அவர்களுடைய தரம் என்பது மதிப்பெண் பட்டியலின் கடைசி வரிதான். அதற்கு மேல் அவர்களிடம் விவாதம் இல்லை. நான்காண்டுப் படிப்பே வேண்டாம், பக்கத்து விழுப்புரத்திலும் கடலூரிலும் மூன்றாண்டுதானே என்று கொடி பிடிப்பவர்கள் இன்னொரு கூட்டம். கல்லூரிக்குள் ஏற்கெனவே மூன்று ஆண்டு படித்து முடித்த பிள்ளைக்கு அந்தக் கோஷத்தால் ஒரு காசு பயன் கிடையாது. எதிர்த்துக்கொண்டே இருக்கட்டும், அதுவரை இருக்கிற விதியாவது நியாயமாக இருக்க வேண்டாமா?

மாற்று வழி கஷ்டமானதில்லை. 75 எடுத்தவர் நேராக வரட்டும். 65க்கும் 75க்கும் நடுவில் நிற்பவர் இரண்டு பக்கத்தில் ஓர் ஆய்வுத் திட்டம் எழுதிக்கொண்டு வரட்டும். துறைக்கு வெளியிலிருந்து ஒருவரையும் சேர்த்து மூன்று ஆசிரியர்கள் கேள்வி கேட்கட்டும். கேட்ட கேள்விக்கும் கொடுத்த மதிப்பெண்ணுக்கும் எழுத்துப் பதிவு இருக்கட்டும். துறைக்குத் துறை மதிப்பெண் பழக்கம் வேறுபடுவதால், அந்தந்தத் துறையின் முதல் கால் பங்கு மாணவர்களுக்கு அவர்கள் சதவீதம் எதுவானாலும் கதவு திறக்கட்டும். பிஎச்.டி. விதியிலுள்ள ஐந்து சதவீதத் தளர்வை இங்கேயும் எழுதுவதற்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

இவை எதுவும் நடக்காவிட்டாலும் ஒன்று மட்டும் உடனே நடந்தாக வேண்டும். எந்தெந்தக் கல்லூரியில், எந்தெந்தத் துறையில், அங்கீகாரம் பெற்ற வழிகாட்டிகள் எத்தனை பேர், ஆய்வேட்டு இடங்கள் எத்தனை என்ற பட்டியலைக் காலாப்பட்டிலுள்ள பல்கலைக்கழகம் ஏழாவது செமஸ்டருக்கு முன் வெளியிட வேண்டும். பட்டியல் வராத துறைகளில் 75 என்ற கோட்டைக் காட்டி ஒரு மாணவரைக்கூடத் திருப்பி அனுப்பும் உரிமை யாருக்கும் இல்லை.