பினாமிப் போரும் தூர்ந்த பாசனமும்

சாம்பாரில் சேர்க்கும் பெருங்காயத்துக்கும் பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சைக்கும் ஆப்கானிஸ்தான் பெயர் பெற்றது. மழை குறைந்த அந்த மலைநாட்டில் திராட்சை, பாதாம், கோதுமை விளையப் பெரிதும் கைகொடுத்தது ‘காரேஸ்’ என்னும் பாசன முறையாகும்.

மலையடிவாரத்தில் நீரூற்று உள்ள இடத்தில் ஆழமான தாய்க்கிணறு வெட்டி, அங்கிருந்து ஊர் வரை பூமிக்கடியில் சற்றே சரிவாகச் சுரங்கக் கால்வாய் அமைப்பார்கள். மண் அள்ளவும் இறங்கிப் பழுது பார்க்கவும் வழிநெடுகக் கிணறுகள் இருக்கும். பம்பு செட் வேண்டாம், டீசல் வேண்டாம். நீர் தானாகவே ஓடி வரும். ஊரார் முறை வைத்துப் பாய்ச்சிக்கொள்வார்கள். ஆனால் அவர்களே கூடித் தவறாமல் தூர் வார வேண்டும். நம் ஏரிகளுக்குக் குடிமராமத்து எப்படியோ, அப்படி.

1979 டிசம்பரில் சோவியத் படை அந்நாட்டில் நுழைந்தது. எதிர்த்துப் போரிட்டவர்களுக்கு அமெரிக்காவும் சவூதி அரேபியாவும் பணம் தந்தன. ஆயுதங்கள் பாகிஸ்தான் வழியாகப் போய்ச் சேர்ந்தன. பினாமி பெயரில் நிலம் வாங்குவதை உழவர்கள் அறிவார்கள். இது பினாமி பெயரில் நடந்த போர்.

போராளிகள் காரேசில் பதுங்கினர். சோவியத் படையினர் அவற்றைத் தகர்த்தனர். வயல்களில் கண்ணிவெடிகள் புதைந்தன. 50 லட்சத்துக்கு மேற்பட்டோர் பாகிஸ்தானுக்கும் ஈரானுக்கும் அகதிகளாகச் சென்றனர். தூர் வார ஆளின்றிப் பல சுரங்கங்கள் இடிந்து தூர்ந்தன.

1989 பிப்ரவரியில் சோவியத் படை வெளியேறியது. ஆயுதம் தந்தவர்களின் அக்கறையும் குறைந்தது. உள்நாட்டுச் சண்டையோ ஓயவில்லை. ஊர் திரும்பிய உழவர் திராட்சை நட்டால் காய்ப்புக்கு வர 3 ஆண்டுகளாகும். கசகசாச் செடிக்கு நீர் குறைவு. ஒரே பருவத்தில் பால் எடுக்கலாம். அபின் எளிதில் கெடாது. வியாபாரி வீடு தேடி வந்து முன்பணம் தருவார். 1990-களில் அந்நாடு உலக அபின் உற்பத்தியில் முதலிடத்துக்கு வந்தது. அதிலிருந்து காய்ச்சிய ஹெராயின் ஐரோப்பாவுக்கும் ரஷ்யாவுக்கும் சென்றது. உழவரைக் குற்றம் சொல்வது எளிது. அவருடைய நீரைப் பறித்தவர் யார் என்றும் கேட்க வேண்டும்.

2022 ஏப்ரலில் தாலிபான் ஆட்சி கசகசாச் சாகுபடிக்குத் தடை விதித்தது. 2023-இல் சாகுபடிப் பரப்பு 95 சதவீதம் குறைந்ததாக ஐ.நா. கணக்கிட்டது. ஆனால் பதிலாகக் கோதுமை விதைத்தவருக்கு அந்த வருமானம் இல்லை. நீரும் கடனும் விற்பனை வசதியும் இல்லாத இடத்தில் வெறும் தடை உழவரின் வயிற்றில்தான் அடிக்கும்.

ஆகவே, பிறர் மண்ணில் நடக்கும் போருக்குப் பணம் தரும் நாடுகள், அந்த மண்ணைச் சீராக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். சமாதான உடன்படிக்கையில் படைகள் திரும்பும் தேதியைக் குறிப்பதோடு நிற்கக் கூடாது. கண்ணிவெடிகளை அகற்றவும் வாய்க்கால்களைத் தூர் வாரவும் எவ்வளவு பணம், யார் தருவது, எந்த ஆண்டுக்குள் என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். வயலுக்கு நீர் வந்த பிறகே உழவருக்குப் போர் முடிந்ததாகும்.