மர்யமை ஏற்கப் போட்டியிட்டார்கள், நாம் தயங்குகிறோம்



குழந்தைப்பேறு வாய்க்காத தம்பதியர் ஆதரவற்ற குழந்தையொன்றை எடுத்து வளர்க்க விரும்பினால் நாம் மகிழ்கிறோம். ஆனால் கோட்டாறானாலும் தக்கலையானாலும் வளைகுடாவில் குடியேறிய நம் மாவட்டத்துக் குடும்பமானாலும், அந்தப் பேச்சோடு ஒரு நிபந்தனையும் எழுகிறது: "ஆண் பிள்ளையாக இருந்தால் நல்லது."

ஏன் என்று கேட்டால், மார்க்கத்தையே காரணம் காட்டுகிறார்கள். வளர்ப்பு மகள் பருவமடைந்தால் வளர்ப்புத் தந்தைக்கு மஹ்ரம் அல்லவாம். உண்மைதான். வளர்ப்பு மகன் மட்டும் வளர்ப்புத் தாய்க்கு மஹ்ரமா? சட்டம் இருபாலருக்கும் ஒன்றே. அதற்குரிய வழியும் ஒன்றே. இரண்டு வயதுக்குள் உரிய முறையில் பாலூட்டப்பட்டால் பால்குடி உறவு ஏற்படுகிறது. பெண் குழந்தைக்குக் கணவரின் சகோதரி பாலூட்டினால் கணவர் தாய்மாமன் ஆகிறார். ஆண் குழந்தைக்கு மனைவியின் சகோதரி பாலூட்டினால் மனைவி சிறிய தாயார் அல்லது பெரிய தாயார் ஆகிறார். அப்படியிருக்க, பெண்ணுக்கு மட்டும் இதைத் தடையாகச் சொல்வது மார்க்கமன்று. வரதட்சணை அச்சத்திற்குப் போர்த்திய மார்க்கப் போர்வை.

வளர்ப்புக் குழந்தையைப் பெற்ற தந்தையின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்பது அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் கட்டளை. வாரிசுப் பங்கு இல்லை. ஆயினும் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் வஸிய்யத் செய்யலாம், வாழ்நாளில் அன்பளிப்பாகவும் கொடுக்கலாம். இவற்றிலும் ஆண், பெண் பேதமில்லை. சட்டப்படி தத்தெடுக்க மனம் ஒப்பாதோருக்கு 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் இருக்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம், எம்மதத்தவரும் சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் தத்தெடுக்கலாம் என்றது. அது விருப்பமேயன்றிக் கட்டாயமன்று என்றும் தெளிவுபடுத்தியது.

இந்தியாவிலிருந்து தத்துப் பெறப்பட்டு வெளிநாடு செல்லும் குழந்தைகளில் பெண் குழந்தைகளே அதிகம். நாம் தயங்கி நிற்கும் மகளைக் கடல் கடந்து ஒருவர் வந்து மார்போடு அணைத்துச் செல்கிறார். இது நமக்கு வெட்கமில்லையா?

ஆலு இம்ரான் அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். இறைப்பணிக்கென ஆண் மகவை எதிர்பார்த்த இம்ரானின் மனைவி ஈன்றெடுத்தது பெண்ணை. அவரே மர்யம் (அலை). அக்குழந்தையைப் பொறுப்பேற்பது யார் என்று பெரியோர்கள் போட்டியிட்டு எழுதுகோல்களை எறிந்து பார்த்தார்கள். அப்பேறு ஸகரிய்யா (அலை) அவர்களுக்குக் கிட்டியது. குர்ஆன் நமக்குக் காட்டும் வளர்ப்புக் குழந்தைகளுள் ஒருவர் பெண். அதுவும் ஆணை எதிர்பார்த்த இடத்தில் வந்த பெண்!

அநாதையைப் பொறுப்பேற்பவர் சுவனத்தில் தம்மோடு நெருங்கியிருப்பார் என நபி (ஸல்) அவர்கள் இரு விரல்களைக் காட்டிச் சொன்னார்கள். ஆண் அநாதை என்று சொல்லவில்லை.

எனவே, விண்ணப்பத்தில் ஆணா பெண்ணா என்று விருப்பம் கேட்கும் இடத்தில், "எதுவாயினும் சரி" என்று எழுதுங்கள். யாரை யாருக்கு அளிப்பது என்பதை அளிப்பவனிடமே விட்டுவிடுவோம்.