பெயர் கேளாத பணி

சில மாதங்களுக்கு முன்பு விழுப்புரம் சந்திப்பிலிருந்து தாம்பரம் செல்லும் பாசஞ்சர் வண்டியில் திண்டிவனத்திற்குப் போய்க்கொண்டிருந்தேன். எதிர் இருக்கையில் ஓர் இளைஞர். நற்செய்திப் பணிக்கெனத் தம்மை ஒப்புக்கொடுத்து ஊர் ஊராகச் செல்பவர் என்பது பேச்சில் தெரிந்தது. எந்தச் சபையைச் சார்ந்தவர் என்பது இங்கே தேவையில்லை. அவரைப் போன்றோர் எல்லாச் சபைகளிலும் இருக்கிறார்கள், நம் திருச்சபையிலும் இருக்கிறார்கள். வண்டி முண்டியம்பாக்கத்தைக் கடப்பதற்குள் கைபேசியை எடுத்துத் தம் பயணங்களை எனக்குக் காட்டத் தொடங்கினார். நாள்தோறும் எங்கே சென்றார், யாருக்காகச் செபித்தார், எதைக் கொடுத்தார் என்பதெல்லாம் படங்களோடும் எழுத்தோடும் உலகிற்கு அறிவிக்கப்பட்டிருந்தன. திண்டிவனத்தை அடுத்த ஓர் இருளர் குடியிருப்பில் எடுத்த படம் ஒன்று. ஓலைக் குடிசை வாயிலில் ஒரு மூதாட்டி கண்ணீரோடு கைகூப்பி நிற்கிறார். பக்கத்தில் அரிசிப் பையுடன் நம் இளைஞர்.

“இந்தப் பாட்டியின் பெயர் என்ன தம்பி?” என்று கேட்டேன்.

சற்றே திகைத்தார். “பெயர் கேட்கவில்லை ஐயா” என்றார். அந்தப் படத்தை எத்தனை பேர் பார்த்திருந்தார்கள் என்பது மட்டும் அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

அந்த இளைஞரின் நேர்மையை நான் ஐயுறவில்லை. வெயிலில் அலைந்தவர், தம் கைப்பணத்தையும் செலவழித்தவர். என் வழக்கு அவர்மீதன்று. ஏழையின் துயரத்தைப் பயணக் கதையாக்கி, அக்கதையில் பணியாளனைத் தலைவனாக்கி, ஏழையைப் பெயரற்ற பின்னணியாக்கும் பழக்கத்தின் மீதுதான் என் வழக்கு. அப்பழக்கம் கைபேசியோடு பிறந்ததன்று. அதற்கு நீண்ட பரம்பரை உண்டு.

புனித பிரான்சிசு சவேரியார் 1544ஆம் ஆண்டு சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடல், முத்துக்குளித்துறையில் தாம் ஆற்றிய பணியை விவரித்தது. மறு ஆண்டே அது பாரிசில் அச்சேறியது. ஐரோப்பாவில் எத்தனையோ இளைஞர் உள்ளத்தில் மறைபரப்பு ஆர்வத்தை மூட்டியது. பின்னர் இயேசு சபையினரின் மடல்கள் 1702 முதல் 1776 வரை பாரிசில் முப்பத்து நான்கு தொகுதிகளாக வெளிவந்தன. நம் கர்நாடக மறைப்பணித் தளத்தின் செய்திகளும் அவற்றில் இடம்பெற்றன. தரங்கம்பாடியின் லுத்தரன் பணியாளர்களும் தம் அறிக்கைகளை செருமனியின் ஆலே நகருக்கு அனுப்பி அச்சிட்டார்கள். நம் மண்ணின் வரலாற்றுக்கு இம்மடல்கள் பெரும் கருவூலங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவை நமக்காக எழுதப்பட்டவை அல்ல. கடலுக்கு அப்பால் இருந்து படிப்போரின் பக்தியையும் கொடையையும் வளர்க்கவே எழுதப்பட்டவை. அங்குள்ளோர் விரும்பியதற்கேற்ப இங்குள்ளோர் சித்திரிக்கப்பட்டார்கள். இருள் கூடுதல் இருளாயிற்று. ஒளி கூடுதல் ஒளியாயிற்று.

திண்டிவனமே இதற்கு ஒரு சான்று தருகிறது.

அமெரிக்க ஆற்காடு மிசனின் நிலையமாயிருந்த இவ்வூரில், மருத்துவர் ஜான் ஸ்கடர் பணியாற்றினார். நோயுற்றிருந்த தாய்க்குத் துணையாக அவருடைய மகள் ஐடா இங்கு வந்து தங்கினார். 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த அவருக்கு மிசன் வாழ்க்கையில் நாட்டமில்லை. அமெரிக்காவுக்குத் திரும்பிவிடவே எண்ணியிருந்தார். 1890களின் தொடக்கத்தில் ஓரிரவு, ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் அவ்வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பேறுகால வேதனையில் இருந்தார்கள். வீட்டில் மருத்துவரான தந்தை இருந்தார். ஆனால் அயலான் ஒருவன் தம் பெண்களைத் தொட மூவரும் இசையவில்லை. மகளுக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் அம்மூன்று பெண்களும் இறந்தார்கள்.

அந்த இரவு ஐடாவை மாற்றியது. அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் கற்று, 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுத் திரும்பினார். வேலூரில் 1902இல் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. அது இன்று உலகறிந்த கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக நிற்கிறது. 1960இல் கொடைக்கானலில், இம்மண்ணிலேயே அவர் இறந்தார். அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் வாசக அன்பர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். நூறாண்டுக்கும் மேலாக உலகெங்கும் சொல்லப்படும் கதை இது. ஆலய மேடைகளிலும் ஞாயிறு மறைக்கல்வி வகுப்புகளிலும் மருத்துவ மாணவர் கூட்டங்களிலும் இதைச் சொல்லாதவர் இல்லை. மூன்று ஆண்களில் ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர், மற்றொருவர் உயர்சாதி இந்து என்ற விவரம் கதையில் தவறாமல் வரும். இறந்த பெண்களின் பெயர்கள் வருவதில்லை. சாதி பதிவாயிற்று, சமயம் பதிவாயிற்று, பெயர் பதிவாகவில்லை. வேலூரில் எழுந்த மருத்துவமனைக்கோ, பத்தாயிரம் டாலர் வழங்கிய நியூயார்க் செல்வரின் மறைந்த மனைவி மேரி டேபர் செல் அம்மையாரின் பெயர் சூட்டப்பட்டது. கொடுத்தவர் குடும்பத்தின் பெயர் கல்லில் நின்றது. யாருடைய சாவினால் அக்கொடை கேட்கப்பட்டதோ, அவர்கள் “மூன்று பெண்கள்” என்ற எண்ணிக்கையாய் நின்றுவிட்டார்கள்.

நம் ஆண்டவர் சொன்ன செல்வர்–இலாசர் உவமையை நினைவுகூருங்கள். பட்டாடை உடுத்தி விருந்துண்ட செல்வனுக்கு அதில் பெயரில்லை. வாசலில் புண்களோடு கிடந்த ஏழைக்கு மட்டும் பெயருண்டு. இயேசு சொன்ன உவமைகளில் பெயர் பெற்ற ஒரே ஏழை அவன். நம்முடைய பணி அறிக்கைகள் அந்த உவமையைத் தலைகீழாக்கி எழுதப்படுகின்றன. நன்கொடையாளர் பெயர் தடித்த எழுத்தில் வருகிறது. பணியாளர் பெயர் ஒவ்வொரு பத்தியிலும் வருகிறது. இலாசர் மட்டும் “ஓர் ஏழை மூதாட்டி”.

பெயரை விடுவதோடு இப்பழக்கம் நிற்பதில்லை. எதைச் சொல்வது, எதை மறைப்பது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. பயணக் கதையில் இருள் எப்போதும் வெளியே இருக்க வேண்டும். உள்ளே இருக்கக் கூடாது. புதுச்சேரிக் கோயிலின் உள்ளே, சாதிக் கிறித்தவரையும் ஒடுக்கப்பட்ட கிறித்தவரையும் பிரிக்க ஒரு சுவர் நின்றது. 1745இல் ஒடுக்கப்பட்டோர் குருக்களிடம் சென்று முறையிட, அச்சுவர் இடிக்கப்பட்டது. இதை நமக்கு விரிவாக எழுதிவைத்தவர் மறைபரப்பாளர் எவருமல்லர்; பிரெஞ்சுக் கம்பெனியின் துபாசியான ஆனந்தரங்கப் பிள்ளை என்னும் இந்துப் பெருமகனார். நம் வீட்டுச் சுவரைப் பற்றி அறிய அடுத்த வீட்டாரின் நாட்குறிப்பைப் புரட்ட வேண்டியிருக்கிறது!

அது பழங்கதை என்பீர்களா? அன்று விழுப்புரம் மாவட்டத்திலும் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அடங்கிய எறையூரை மறந்துவிட்டோமா? ஒரே திருமுழுக்குப் பெற்ற மக்களிடையே கல்லறையும் இறுதிப் பயணப் பாதையும் பிரிந்து கிடந்தன. தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டுமெனக் கேட்டார்கள். 2008ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள், தவக்காலத்தில், அவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். தாக்கியவர்களும் தாக்கப்பட்டவர்களும் இறந்தவர்களும் கத்தோலிக்கரே. இம்மாவட்டத்துச் சிற்றூர்களில் நற்செய்திப் பயணம் செய்து நாள்தோறும் எழுதுவோரில், எறையூரைப் பற்றி ஒரு வரி எழுதியோர் எத்தனை பேர்? எழுதினால் என்ன கிடைக்கும்? கண்ணீர் மல்கும் படம் கொடையைக் கொண்டுவரும். நம் பாவத்தின் படம் சங்கடத்தையே கொண்டுவரும்.

இனி எதிர்வாதங்களைப் பார்ப்போம். அவற்றில் வலிமையானவையும் உண்டு.

“எழுதாவிட்டால் உதவி எப்படி வரும்? ஐடா அந்த இரவைச் சொல்லாதிருந்தால் வேலூர் எழுந்திருக்குமா?” என்பது முதல் வாதம். எழுந்திராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இரவை அவர் பிறரிடம் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. முதலில் தமக்கே சொல்லிக்கொண்டார். தம் வாழ்வையே அதற்கு விலையாகக் கொடுத்தார். சொல்லும் கதை சொல்பவரைப் பிணைக்க வேண்டும். திண்டிவனத்து மூதாட்டியின் கண்ணீரைக் காட்டியவர், அடுத்த வாரம் செஞ்சிப் பக்கம் வேறொரு கண்ணீரைத் தேடிப் போய்விட்டால், அவருக்கு அந்த மூதாட்டி யார்?

“திருச்சபையே புதிய ஊடகங்களைப் பயன்படுத்தச் சொல்கிறதே” என்பது இரண்டாவது. உண்மை. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010ஆம் ஆண்டின் சமூகத் தொடர்பு நாளுக்கென விடுத்த செய்தியில், கணினி உலகிலும் இறைவார்த்தைக்குப் பணி செய்யுமாறு குருக்களை ஊக்குவித்தார். இறைவார்த்தைக்குத்தான், நம் முகத்திற்கன்று. கருவியை நான் பழிக்கவில்லை. கையிலிருப்பது எழுதுகோலாயினும் கைபேசியாயினும் கேள்வி ஒன்றே: அதில் யார் பெரியவராகத் தெரிகிறார்?

“ஏழையின் பெயரை வெளியிடுவது அவருக்கே தீங்காகாதா?” என்பது மூன்றாவது. ஆகலாம், அதனால்தான் பெயரை வெளியிடுங்கள் என நான் கேட்கவில்லை. பெயரைக் கேளுங்கள், நெஞ்சில் வையுங்கள் என்கிறேன். பெயரை மறைப்பவர் முகத்தை மட்டும் ஏன் ஊரறியக் காட்டுகிறார்? செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடக்கும் இருளர் குடும்பத்தின் படம் முதலாளியின் கைபேசிக்கும் போய்ச் சேரும் என்பதை எண்ணினீர்களா? பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் தடைசெய்கிறது. நாட்டின் சட்டம் காக்கும் மானத்தை நற்செய்திப் பணியாளன் காக்க வேண்டாமா? ஒப்புரவு அருட்சாதனத்தின் இரகசியத்திற்காக உயிரையும் கொடுக்கத் துணிந்த திருச்சபை நமது. பாவியின் இரகசியத்திற்கு அத்தனை மதிப்பு. பசித்தவரின் கண்ணீருக்கு மதிப்பில்லையா?

லூக்கா நற்செய்தியில் எழுபத்திரண்டு சீடர்கள் பணிப்பயணம் முடித்துத் திரும்புகிறார்கள். பேய்களும் தங்களுக்கு அடிபணிந்ததை மகிழ்ச்சியோடு அறிவிக்கிறார்கள். வரலாற்றின் முதல் பணி அறிக்கைகளுள் ஒன்று அது எனலாம். ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை; ஆனால் அந்த மகிழ்ச்சியைத் திருப்பிவிடுகிறார். வெற்றியைப் பற்றியன்று, விண்ணகத்தில் பெயர் எழுதப்பட்டிருப்பதைப் பற்றி மகிழச் சொல்கிறார். அங்கே எழுதப்பட்டுவிட்ட பெயரை இங்கே நாள்தோறும் எழுதிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

செஞ்சிச் சீமையிலும் நடந்து திரிந்த புனித அருளானந்தரும் மடல் எழுதியவரே. 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், ஓரியூர்ச் சிறையில் மை கிடைக்காமல் கரியைக் கரைத்துக் கடைசி மடல்களை எழுதினார். மறுநாள் தலை வெட்டப்பட்டது. அம்மடல்கள் எவரிடமும் கொடை கேட்கவில்லை. அவர் சென்ற வழிகளிலெல்லாம் முன்னும் பின்னும் நடந்த உபதேசியார்களோ மடல்கூட எழுதவில்லை. இன்றும் நம் கிளைப்பங்குகளில், மிதிவண்டியிலும் நகரப் பேருந்திலும் சென்று, யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார், யார் மகள் எத்தனையாவது மாதம் என்றெல்லாம் அறிந்துவைத்திருக்கும் உபதேசியார்களும் அருட்சகோதரிகளும் உண்டு. அவர்களுக்கு ஊராரின் பெயர் தெரியும். உலகிற்கு அவர்கள் பெயர் தெரியாது. நற்செய்திப் பணி இன்னும் உயிரோடிருப்பது அவர்களால்தான்.

இறுதியாக, குற்றத்தைப் பணியாளர் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நாம் கைகழுவ முடியாது. பொதுநிலையினராகிய நாம்தான் அப்படங்களைப் பார்க்கிறோம், உருகுகிறோம், பணம் அனுப்புகிறோம், மறந்தும் விடுகிறோம். நாம் விரும்புவதையே அவர்கள் அனுப்புகிறார்கள். ஆகவே ஒன்று செய்வோம். அடுத்த முறை இப்படியொரு படம் நம் கைக்கு வரும்போது, எத்தனை பேருக்கு உதவினீர்கள் என்று கேட்க வேண்டாம். இவரின் அனுமதி பெற்றீர்களா, இவரைப் பற்றி எழுதியதை இவருக்கே வாசித்துக் காட்டினீர்களா, மீண்டும் இவர் வீட்டிற்கு எப்போது போவீர்கள் என்று கேட்போம். விடை வந்த பிறகு பணத்தை அனுப்புவோம்.

அன்று திண்டிவனம் நிலையத்தில் இறங்கும்போது அந்த இளைஞர் என்னிடம் வந்தார். “அடுத்த வாரம் போகும்போது பெயர் கேட்டு வைக்கிறேன் ஐயா” என்றார்.

“கேளுங்கள் தம்பி. எனக்குச் சொல்ல வேண்டியதில்லை” என்றேன்.