யாருக்குக் குடும்பம் அனுமதிக்கப்பட்டது?

போரைப் படமெடுத்தால் அது வரலாறு. சொந்தச் சனத்தின் திருமணத்தையும் கடைத்தெருவையும் ஊர்வலத்தையும் படமெடுத்தால் அது வெறும் 'குடும்ப ஆல்பம்'. பெண்களின் எழுத்தைச் 'சமையலறை இலக்கியம்' என்று ஒதுக்கிய அதே பார்வைதான் புகைப்படங்களையும் இப்படித் தரம் பிரிக்கிறது.

கார்க்கி லீ 1947-இல் நியூயார்க்கில், சீனாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். அப்பா சலவைக்கடை நடத்தினார், அம்மா தையல் தொழிலாளி. தானாகவே கற்றுக்கொண்டு, அச்சக வேலைக்கு இடையே, ஆசிய அமெரிக்கர்களின் வாழ்வை ஐம்பது ஆண்டுகள் படமெடுத்தார். 2021-இல் கொரோனா அவரைக் கொண்டுபோனது.

பள்ளிப் பாடநூலில் இருந்த 1869-ஆம் ஆண்டுப் படமொன்று சிறுவயதிலேயே அவரை உறுத்தியது. கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில்பாதை யூட்டாவில் முடிந்த நாளில் எடுத்தது. மேற்குப் பகுதிப் பாதையை 10,000-க்கும் மேற்பட்ட சீனத் தொழிலாளர்கள் அமைத்திருந்தார்கள். படத்தில் ஒரு சீன முகத்தைக்கூட அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. 2014-இல் அந்தத் தொழிலாளர்களின் வாரிசுகளைத் திரட்டிக்கொண்டு அதே இடத்தில் படமெடுத்தார்.

ஆவணப் புகைப்படக்காரர் காட்சியை அமைக்கலாமா? இப்படிக் கேட்பவர்கள் 1869-ஆம் ஆண்டுப் படத்தை ஒருமுறை பார்க்கட்டும். இரண்டு எஞ்சின்களை எதிரெதிரே நிறுத்தி, ஆட்களை அடுக்கி, கைகுலுக்க வைத்து எடுத்தது. கம்பெனிக்காரர்கள் அமைத்தால் ஆவணம், விடுபட்டவர்கள் அமைத்தால் நாடகமா?

லீயின் படத்தில் என் கண் முதலில் தேடுவது பெண்களை. 1869-இல் சீனத் தொழிலாளர்களை நிற்க வைத்திருந்தாலும் அவர்களோடு மனைவியரோ மகள்களோ இருந்திருக்க மாட்டார்கள். 1875-இன் பேஜ் சட்டம் 'ஒழுக்கக்கேட்டைத் தடுக்கிறோம்' என்ற பெயரில் சீனப் பெண்களைத் தடுத்தது. 1882-இன் சட்டம் சீனத் தொழிலாளர்களுக்கே கதவை அடைத்தது. 1943-இல் அது நீக்கப்பட்டபோதும் ஆண்டுக்கு 105 பேருக்குத்தான் இடம். உழைப்பு வேண்டும், குடும்பம் வேண்டாம் என்பதே அந்த அரசின் கொள்கை. அங்கே ஒரு சீனக் குடும்பம் சேர்ந்து நின்று எடுத்துக்கொள்ளும் படம் எப்படி அரசியலற்ற ஆல்பம் ஆகும்?

'சமூகம்' என்ற சொல்லையும் அப்படியே விழுங்க வேண்டாம். 1982-இல் நியூயார்க் சைனாடவுனில் சுமார் 20,000 ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலோர் சீனப் பெண்கள். எதிரில் இருந்த தையற்கூட முதலாளிகளும் சீனர்கள்தான். நம்மவர்கள் நம்மை எதிர்க்க மாட்டார்கள் என்ற அவர்களின் கணக்கைப் பெண்கள் தெருவில் இறங்கிப் பொய்யாக்கினார்கள்.

மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். புகைப்பட வரலாறு எழுதும்போது போர்ப் படங்களோடு குடும்பப் படங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். யார் இருக்கிறார்கள், யாரை எந்தச் சட்டம் நிற்கவிடவில்லை, தைத்தவள் பெயர் என்ன என்று கேட்டு எழுதுங்கள்.